எந்தப் பக்கம் வாங்குதிய?

மாதத்தின் முதல் வாரம், திங்கட்கிழமை. பாளையங்கோட்டையில் ஒரு வங்கிக் கிளை. பென்ஷன் ஏறியிருக்கும் நாள் என்பதால் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பாஸ்புக் பதியும் இயந்திரத்தின் முன்னால் நீண்ட வரிசை. நகைக்கடன் மூலையில் மதிப்பீட்டாளர் ஒரு வளையலை உரைகல்லில் தேய்த்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். யார் பேரனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, யாருக்குக் கண்புரை ஆபரேஷன், ஸ்ரீவைகுண்டம் பக்கம் நடவு முடிந்ததா என்று ஊர்ப்பேச்சு ஓடுகிறது. பள்ளிக்கூடங்களின் ஊர் இது. காத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒருவரையொருவர் 'சார்', 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

பத்தரை மணிக்கு முன்னால் ஒரு டீச்சர் உள்ளே வருகிறார். எழுபதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலைதான், ஆனால் உடுத்தியபடியே படுத்து எழுந்ததுபோல மடிப்பெல்லாம் கலைந்திருக்கிறது. கைப்பையை மார்போடு அணைத்திருக்கிறார். பையின் வாய் திறந்தே இருக்கிறது. உள்ளே செல்போன் நிமிர்ந்து நிற்கிறது. அதிலிருந்து ஒரு வெள்ளை ஒயர் முந்தானைக்குள் நுழைந்து இடது காதுக்குப் போகிறது.

"வாங்க டீச்சர், இங்க உக்காருங்க" என்று ஓர் அம்மா நகர்ந்து இடம் விடுகிறார். டீச்சர் அவரைப் பார்க்கிறார். தெரிந்தவர் என்பது கண்ணில் தெரிகிறது. ஆனால் வாய் திறக்கவில்லை. நேராகக் கவுன்ட்டருக்குப் போய்விடுகிறார். அந்த அம்மாவுக்கு முகம் வாடிப்போகிறது. "என்னத்துக்குக் கோவமோ" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்.

கோபம் இல்லை. பேசக் கூடாது என்று உத்தரவு. அரசு அதிகாரியாக நடித்துப் பணம் பறிக்கிறவர்கள் பணத்தைக் கடைசியில்தான் கேட்பார்கள். முதலில் கேட்பது மௌனத்தை. வழக்கு தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, வெளியே ஒரு வார்த்தை போனால் பிள்ளைகளையும் சேர்த்துக் கைது செய்வோம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு மனுஷியைச் சொந்த ஊருக்குள் தனியாள் ஆக்கிவிடுகிறார்கள். அது முடிந்த பிறகு மற்றதெல்லாம் அவர்களுக்குச் சுலபம்.

கவுன்ட்டரில் இளம்பெண் ஒருத்தி. டீச்சர் நான்கு டெபாசிட் பாண்டுகளை எடுத்து நீட்டுகிறார். கூடவே பணம் அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். படிவம். ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிய கையெழுத்து, கோடு போட்டதுபோல இருந்திருக்க வேண்டியது, இன்று கட்டத்துக்கு வெளியே வழிந்து கிடக்கிறது.

"நாலையும் உடைக்கவா டீச்சர்? ஒண்ணு முதிர இன்னும் ரெண்டு மாசம்தான இருக்கு. வட்டி போயிருமே."

"பரவாயில்ல."

"எதுக்கு இவ்வளவையும் எடுக்கிய?"

"நிலம் வாங்குறேன்." கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடுகிறது.

அந்தப் பெண் படிவத்தைப் பார்க்கிறாள். பணம் போக வேண்டிய இடம் ஏதோ ஒரு டிரேடிங் கம்பெனியின் கரண்ட் அக்கவுண்ட். கிளை, வடக்கே தூரத்து மாநிலத்தில். மறுபடி டீச்சரைப் பார்க்கிறாள். சாதாரணமாக, ஊர்க்காரி ஊர்க்காரியைக் கேட்பதுபோலக் கேட்கிறாள்:

"எந்தப் பக்கம் வாங்குதிய?"

டீச்சருக்குப் பதில் இல்லை. கண் கைப்பைக்குள் போகிறது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை.

அந்தக் கேள்விக்காக அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம். வங்கியில் என்ன கேட்பார்கள் என்று காதில் பேசுகிறவனுக்குத் தெரியும். நிலம், கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று முதல் கேள்விக்கு ஒரு பதிலைச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புவான். இரண்டாவது கேள்விக்கு அவனிடம் பதில் கிடையாது. கே.டி.சி. நகரும் வி.எம். சத்திரமும் அவனுக்குத் தெரியாது. ஊரைத் தெரிந்தவர் கேட்கும் கேள்விக்கு, ஊரே தெரியாதவன் என்ன எழுதிக்கொடுப்பான்?

அவள் அதற்கு மேல் பேசவில்லை. ஒரு செலானைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஏதோ எழுதி, பேனாவோடு சேர்த்து நகர்த்துகிறாள். அடுத்த ஜன்னலில் நிற்பவர் கண்ணுக்கும் அந்தப் பெரிய எழுத்துகள் தெரிகின்றன: 'போனில் யாரும் இருக்காங்களா?'

டீச்சர் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்க்கிறார். பிறகு பேனாவை எடுத்து அடியில் எழுதுகிறார்: 'ஆமா. சி.பி.ஐ. பேசக் கூடாது.'

அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பாண்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து கண்ணாடி அறைக்குள் போகிறாள். அரை நிமிடத்தில் மேனேஜரே வெளியே வருகிறார். "டீச்சர், பழைய கையெழுத்தோட ஒத்துப்போக மாட்டேங்குது. ஒரு நிமிஷம் உள்ள வாங்க." காதில் இருக்கிறவனுக்காகச் சொன்ன பொய். எவ்வளவு பக்குவமான பொய்!

அறைக்கதவு முழுதாகச் சாத்தவில்லை. போனை மேஜைமேல் வைத்து ஒயரைப் பிடுங்கியதும் குரல் வெளியே கேட்கிறது. பாதி இங்கிலீஷ், பாதி இந்தி. திரையில் காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரங்கள், பின்னால் தேசியக் கொடியும் அரசுச் சின்னமும். மேனேஜர் தன் பதவியைச் சொன்னதும் அந்தக் காக்கிச் சட்டை அவரையும் மிரட்டுகிறது: விசாரணையில் குறுக்கிட்டால் உங்கள் பெயரிலும் வாரண்ட் வரும். மேனேஜர் ஒன்றே ஒன்று கேட்கிறார்: "பாளையங்கோட்டை ஸ்டேஷன்லருந்து ஒரு கான்ஸ்டபிளை இங்க அனுப்பி வைங்க. அவர் முன்னால பேசுவோம்." குரல் இன்னும் உயர்கிறது. மேனேஜர் அழைப்பைத் துண்டித்துவிடுகிறார்.

"ஐயோ, கட் பண்ணிட்டியளா! இப்ப வந்து பிடிச்சிட்டுப் போயிருவாங்க!" டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறார். மேஜையைப் பிடித்திருக்கும் கை கிடுகிடுவென்று ஆடுகிறது. அந்தப் பயத்தைப் பார்த்தவர்கள், படித்தவர் எப்படி ஏமாந்தார் என்று கேட்க மாட்டார்கள்.

வர்த்மான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்கு 2024 ஆகஸ்டில் இதுதான் நடந்தது. லூதியானாவின் பெரிய நூல் ஆலை முதலாளி, எண்பதைக் கடந்தவர். அவருக்காக உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றையே வீடியோவில் நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதி என்று சொல்லப்பட்டவரின் குரலும் சுத்தியல் தட்டும் சத்தமும் கேட்டன, முகம் தெரியவில்லை. ஏழு கோடி ரூபாய் போனது. உடனே புகார் கொடுத்ததால் அதில் பெரும்பகுதி திரும்பியது. வழக்கறிஞர் படையே வைத்திருக்கக்கூடியவரையும் தனியாக உட்கார வைத்துவிட முடிந்தது என்றால், ஒற்றையாக வாழும் ஒரு டீச்சரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது.

"டீச்சர், போன்ல அரெஸ்ட்னு ஒண்ணு சட்டத்துலயே கிடையாது" என்கிறார் மேனேஜர். மூன்று முறை சொல்கிறார். மூன்றாவது முறைதான் அது டீச்சருக்குள் இறங்குகிறது.

அவர் சொல்வது முழு உண்மை. கைது செய்ய ஆள் நேரில் வர வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக்கூட வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போலீசுக்குச் சொல்லியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கைதானவரின் சொந்தக்காரருக்கோ சிநேகிதருக்கோ தகவல் தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை. உண்மையான சட்டம் வீட்டுக்குச் சொல் என்கிறது. வீட்டுக்குச் சொல்லாதே என்று ஒருவன் மிரட்டும் அந்த இடத்திலேயே அவன் யார் என்பது தெரிந்துபோகிறது.

டீச்சர் துண்டு துண்டாகச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதிவு செய்த குரல் ஒன்று: உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், அதிகாரியிடம் பேச ஒன்பதை அழுத்துங்கள். அழுத்தினார். அந்த அதிகாரி, உங்கள் ஆதாரில் மும்பையில் ஒரு சிம் வாங்கப்பட்டிருக்கிறது என்றான். அவன் மும்பை போலீசுக்கு மாற்றிவிட்டான். போலீஸ் சி.பி.ஐ.க்கு மாற்றியது. பிறகு உச்ச நீதிமன்ற முத்திரையோடு ஓர் உத்தரவு வந்தது. உங்கள் பணம் சுத்தமானதா என்று ரிசர்வ் வங்கி சோதிக்க வேண்டும், அரசுக் கணக்குக்கு அனுப்புங்கள், மூன்று நாளில் திரும்பிவிடும். இரவிலும் வீடியோவை அணைக்கக் கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன்மேல் போனை நிறுத்தி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். மகன் பெங்களூரிலிருந்து அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை. "அவன் பேரும் சேர்ந்திரும்னு சொன்னாங்க சார்."

அந்த முத்திரைக்கு என்ன பதில்? அரியானாவில் அம்பாலாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதி இதேபோல் போலி நீதிமன்ற உத்தரவை நம்பி ஒரு கோடிக்கும் மேல் இழந்தார்கள். அவர்கள் எழுதிய கடிதத்தை வைத்துத்தான் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. டிசம்பரில் நாடு முழுவதும் இந்த மோசடிகளை சி.பி.ஐ. விசாரிக்கும்படி உத்தரவிட்டது. 2022இல் இந்த வகைக் குற்றங்கள் 39,925 பதிவாயின. 2024இல் 1,23,672 என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. அந்த ஓராண்டில் போனது 1,935 கோடி ரூபாய்க்கு மேல். கட்டிலுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு விழித்துக் கிடந்த இரவுகள் அந்தக் கணக்கில் இல்லை.

"ஏற்கெனவே எதுவும் அனுப்பியிருக்கியளா?" மேனேஜர் தயங்கித்தான் கேட்கிறார்.

டீச்சர் தலை குனிகிறார். சனிக்கிழமை, வேறொரு வங்கியிலிருந்து, மூன்று லட்சம்.

அதற்குள் கவுன்ட்டர் பெண் தன் போனில் 1930ஐ அழுத்தியிருக்கிறாள். சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய எண் அது. லைன் கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. அவர்கள் கேட்கக் கேட்க அவள் சொல்கிறாள்: கணக்கு எண், பணம் அனுப்பியதற்கான குறிப்பு எண், தேதி, நேரம், தொகை. இந்த வேலையில் நிமிஷத்துக்கு விலை உண்டு. முதல் கணக்கில் விழுந்த பணம் அங்கேயே இருக்காது. நான்கு கணக்குக்குப் பிரியும், அங்கிருந்து இன்னும் பலவாகச் சிதறும். கமிஷனுக்காகத் தன் கணக்கை வாடகைக்கு விட்டவர்கள் பெயரில்தான் அவையெல்லாம் இருக்கும். புகார் சீக்கிரம் போனால், எந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சம் நிற்கிறதோ அதை அந்த வங்கி நிறுத்தி வைக்கும். சனிக்கிழமை போன பணத்துக்குத் திங்கட்கிழமை என்பது தாமதம்தான். ஆனாலும் அவள் விடவில்லை. புகார் எண்ணைப் பெரிதாக எழுதி டீச்சரின் பாஸ்புக்குக்குள் வைக்கிறாள். இணையதளத்தில் மற்ற விவரங்களைப் பதிய வேண்டும், வாட்ஸப்பில் வந்த எதையும் அழித்துவிட வேண்டாம் என்கிறாள்.

போன் மறுபடி மறுபடி அதிர்கிறது. காக்கிச் சட்டை விடாமல் கூப்பிடுகிறது. அது எங்கிருந்து கூப்பிடுகிறதோ! கம்போடியாவிலும் மியான்மர் எல்லையிலும் இதற்கென்றே வேலி போட்ட வளாகங்கள் இருக்கின்றன. டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, அடி வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்ய வைக்கப்பட்ட நம் பிள்ளைகள் உண்டு. 2022இல் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் சென்னையில் வந்து இறங்கினார்கள். அந்தப் பக்கம் மிரட்டும் குரலுக்குப் பின்னாலும் வேறொருவன் பிரம்போடு நிற்கக்கூடும் என்பது தாங்க முடியாத நினைப்பு.

டீச்சர் மகனை அழைக்கிறார். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறான். "ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். பிறகு, "இல்ல, நல்லா இல்ல" என்று சொல்லி எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பிக்கிறார். அறைக்கதவு திறந்தே கிடக்கிறது. அவர் சாத்தச் சொல்லவில்லை. மூன்று நாள் அடக்கி வைத்த குரல் ஹால் முழுவதும் கேட்கிறது.

பாஸ்புக் வரிசை நின்றுவிட்டது. முதலில் இடம் கொடுத்த அம்மா எழுந்து உள்ளே போய் டீச்சர் தோளில் கை வைக்கிறார். "எனக்கும் இதே ஒம்பதை அமுக்கச் சொல்லி வந்துச்சு டீச்சர். பேரன் போனைப் பிடுங்கிட்டான். வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு நான் யார்ட்டயும் மூச்சு விடல."

வேட்டி கட்டிய ஒருவர் திரும்புகிறார். "ராத்திரி ஒம்பதரைக்குக் கரண்டைக் கட் பண்ணிருவோம், இந்த நம்பருக்குப் பேசுங்கன்னு எனக்கு மெசேஜ் வந்துச்சுல்லா. பேசியே தொலைச்சிட்டேன்."

ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவருக்கு, வாழ்நாள் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று வந்திருக்கிறது. நகை மதிப்பீட்டாளர் உரைகல்லைக் கீழே வைத்துவிட்டுத் தன் மச்சினனின் கதையைத் தொடங்குகிறார். ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்திருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் அதை இப்போதுதான் கேட்கிறார்.

கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் டோக்கனைக் கையில் சுருட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு எழுந்து கவுன்ட்டருக்கு வருகிறார்.

"பார்சல்ல போதைப்பொருள் இருந்துச்சாம்மா. கஸ்டம்ஸ் ஆபீசராம். பணத்தோட ரெடியா இருங்க, பன்னெண்டு மணிக்கு மறுபடி கூப்பிடுவேன்னு சொல்லியிருக்கான்."

அந்தப் பெண் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிடுகிறாள். "உள்ள வாங்க சார். போனை இந்த மேஜைல வைங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க, என்ன கேட்டான்?"