அப்பாவின் ரேடியோவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே

கட்டுக்கலை, கண்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடுதாசி வியாழக்கிழமை கிடைத்தது. புது டீவி வைக்க இடம் வேண்டும் என்று சின்னவன் அலமாரியைக் காலி பண்ணுகிறான், அப்பாவின் ரேடியோவையும் கேசட் பெட்டியையும் பழைய இரும்புக்குப் போடப் போகிறான் என்று எழுதியிருந்தாய். மற்ற விஷயங்களை அடுத்த கடுதாசியில் எழுதுகிறேன். முதலில் அவனிடம் சொல், அவற்றில் ஒன்றையும் தொடவேண்டாம் என்று.

தோட்டத்து லயத்தில் கரண்ட் இல்லாத காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். பெரிய கங்காணி வீட்டில் மட்டும்தான் வால்வு ரேடியோ. அதற்கு 90 வோல்ட் பட்டரி, செங்கல் மாதிரி கனக்கும். கம்பளைக்குப் போய்த்தான் வாங்கி வருவார்கள். அது தீர்ந்துபோகும் என்று பயந்து செய்தி முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். நாம் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். டிரான்சிஸ்டர் வந்தபிறகுதான் நம் காம்பராவுக்கும் பாட்டு வந்தது. நாலு டோர்ச் பட்டரி போட்டால் வாரக்கணக்கில் பாடும். அப்பா சீட்டுக் கட்டி அதை வாங்கினார். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே அம்மா கூடையை எடுத்துக்கொண்டு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குக் கிளம்புவாள்.

அந்த ஒலி எப்படி வந்தது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1944இல் நேச நாட்டுப் படைத் தளபதி மவுன்ட்பேட்டன் தன் தலைமையகத்தை இங்கே பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அவருடைய படையினருக்காகக் கொழும்புக்கு வடக்கே ஏகலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவினார்கள். யுத்தம் முடிந்து, 1949இல் அது ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. அடுத்த வருஷமே வர்த்தக சேவை தொடங்கியது. தூர தேசத்துச் சிப்பாய்களுக்காகக் கட்டியது என்பதால்தான் கொழும்பில் பேசியது கடல் தாண்டியும் கேட்டது.

அந்தத் தூரம் நம் குடும்பத்துக்கு எப்படி உதவியது என்று உனக்குத் தெரியும். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் நம் மாதிரித் தோட்ட ஆட்களை இரண்டு நாட்டுக்கும் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று கணக்கு. அந்தக் கணக்கில் நீ அந்தப் பக்கம் போனாய், நான் இந்தப் பக்கம் நின்றேன். தலைமன்னாரில் கப்பலேறும் அன்று அம்மாவின் சேலையில் ரேடியோவைச் சுற்றி அப்பா உன் கையில் கொடுத்தார். கூடலூர் போய்ச் சேர்ந்து நீ எழுதிய முதல் கடுதாசியில், "இங்கேயும் நம்ம ரேடியோ எடுக்குது அண்ணே" என்ற வரிதான் முதலில் இருந்தது. அந்த வரியை அப்பா எத்தனை தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் தெரியுமா? அதற்குப் பிறகு 'நீங்கள் கேட்டவை' தொடங்கினால் அவர் யாரையும் பேச விடமாட்டார். "பிள்ளையும் இப்ப கேட்டுக்கிட்டு இருக்கும்" என்பார்.

நான் ஏன் பழைய ரேடியோக்களைச் சேர்க்கிறேன் என்று நீ கேட்டதுண்டு. பென்ஷன் வாங்கிய பிறகு பொழுதுபோக்காகத்தான் தொடங்கினேன். இப்போது இஸ்தோப்பில் ஆறு ரேடியோ, ஒரு ரெக்கார்ட் பிளேயர், டீவியோடு வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தோமே, அந்த மாதிரி ஒரு வீடியோ டெக்கும் இருக்கிறது. எதையும் ஷோவுக்கு வைக்கவில்லை, பாட வைக்கிறேன். எனக்கு வேலை கற்றுத் தந்தவர் இந்த ஊரில் நாற்பது வருஷமாக ரேடியோ பழுது பார்க்கும் ஒரு சிங்கள பாஸ். வருஷக்கணக்கில் கிடந்த வால்வு ரேடியோவுக்கு நேரே கரண்ட் கொடுக்கக்கூடாது என்பதுதான் அவருடைய முதல் பாடம். காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்றிவிட்டு, ஒரு குண்டு பல்பை நடுவில் கோர்த்துக் கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட். ஒரு தடவை மின்னி மங்கிவிட்டால் நிம்மதி. வால்வு சூடேற அரை நிமிஷம் போகும். பிறகு தூசு சுடுகிற வாசனை வரும், அலை பிடிபட்டதைக் காட்டும் பச்சைக் கண் மெல்ல விழிக்கும், இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் எழும். முந்தாநாள் ராத்திரி வீட்டில் எல்.ஈ.டி. பல்பு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கொய்யா மரத்துக்குக் கம்பி இழுத்து மத்திய அலையைத் திருப்பினேன். கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையம் ஒன்று தமிழில் பேசியது. உன்னை நினைத்துக்கொண்டேன்.

சின்னவன் சொல்வான், பாட்டெல்லாம் போனிலேயே இருக்கிறதே என்று. இருக்கிறது, நானும் கேட்கிறேன். ஆனால் பாட்டுக்கு முன்னால் ரேடியோ சிலோன் அறிவிப்பாளர் மயில்வாகனம் சொன்ன இரண்டு வரி போனில் இல்லை. ராஜேஸ்வரி சண்முகம் வாசித்த நேயர் பெயர்கள் இல்லை. கே.எஸ். ராஜா மூச்சு விடாமல் சொன்ன அறிவிப்புகளில் எத்தனை மிஞ்சியிருக்கும்? நேரலையில் பேசியது பெரும்பாலும் காற்றோடு போனது. யாராவது வீட்டில் கேசட் போட்டுப் பிடித்திருந்தால் மட்டும்தான் உண்டு. உன் வீட்டுக்காரர் டூ இன் ஒன் வாங்கிய புதிதில் ரேடியோவிலிருந்து பிடித்த கேசட்டுகள் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. நாடா வீணாகிறதே என்று அவர் அறிவிப்பை வெட்டாமல் விட்டிருந்தால், அதைவிடப் பெரிய சொத்து நம் குடும்பத்தில் கிடையாது.

ஆகவே நான் சொல்வதைச் செய். கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட விடாதே, நாடா கிழியும், பூஞ்சணம் மற்ற கேசட்டுக்கும் தொற்றும். மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளையும் ஒடித்துவிடு, அப்புறம் யாரும் தவறி மேலே பதிய முடியாது. ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதே, அதன் காந்தம் பதிவைக் கெடுக்கும். துணிப் பையில் சுற்றி மேல்தட்டில் வை. தை மாதம் உன் பேத்தி வரும்போது ரேடியோவையும் கேசட்டுகளையும் அவளிடம் கொடுத்தனுப்பு. பாஸும் நானும் உட்கார்ந்து பாட வைத்து, கம்ப்யூட்டரில் பிடித்து உனக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்புகிறோம். ரேடியோ மறுபடி உன்னிடமே வந்துவிடும்.

தை மாதம் வரை பொறுக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது. அப்பாவின் ரேடியோவுக்குள் பழைய பட்டரி கிடந்தால் அது கசிந்து தகட்டைத் தின்றுகொண்டிருக்கும். இந்தக் கடுதாசியை வாசித்து முடித்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி எறி.

அன்புடன்,
உன் அண்ணன்