நல்ல நூலும் நாம் செய்யும் பரிந்துரையும்

"வாசிப்பதற்கு நல்ல நூல் ஒன்று சொல்லும்" என்று நண்பர் ஒருவர் கேட்டால், நம்மிற் பெரும்பாலோர் அண்மையிற் பரிசு பெற்ற நூலின் பெயரைச் சொல்கிறோம். அல்லது நமக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லி, "கட்டாயம் வாசிக்க வேண்டும்" என்று முடித்துவிடுகிறோம். எது நல்ல நூல், அது எவருக்கு நல்ல நூல் என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. மலைநாட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவன் என்ற முறையில், இவ்விரு வினாக்கள் பற்றியும் சில எண்ணங்களைக் கூற விரும்புகிறேன்.

எனது ஊர் பட்டிப்பொல. இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில், 6,226 அடியில், அமைந்தது என்பதனாற் பலரும் அறிந்த பெயர் அது. ஹோர்ட்டன் சமவெளியைக் காண விரும்புவோர் அங்கே இறங்குவர். நூல் வாங்குவதற்காக எவரும் இறங்கார். நான் வளர்ந்த நாட்களில் நூல் வேண்டுமாயின் நுவரெலியாவுக்கோ ஹற்றனுக்கோ செல்ல வேண்டும். நாவலொன்றின் விலை கொழுந்தெடுக்கும் தாய் ஒருத்தியின் ஒரு நாட் சம்பளத்தை எட்டிவிடுவதுமுண்டு. இத்தகைய வீட்டிலிருந்து வந்த மாணவனுக்கு நாம் பொறுப்பின்றிச் சொல்லும் நூற்பெயர், ஒரு மலையேற்றத்தின் உழைப்பை வீணாக்கக் கூடும். பரிந்துரை என்பது பொழுதுபோக்கன்று என நான் கருதுவது இதனாலேயே.

நூல்களை மதிப்பிட எனக்குக் கிடைத்த முதல் அளவுகோல் என் அம்மாயி. அவர் எழுத்தறியாதவர், நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். மாலை வேளைகளில் லயத்துக் காம்பராவில் அடுப்பருகே அமர்ந்து நான் வாசிப்பேன், அவர் கேட்பார். கொட்டும் மழையிற் பெண்கள் சிரித்துப் பாடியபடி கொழுந்தெடுப்பதாக ஒரு கதையில் வந்தது. "படங்கு நனைஞ்சா அந்தப் பாரத்தையும் சேத்துத்தான் சுமக்கணும். அட்டை வேற கால்ல ஏறும். அந்நேரம் பாட்டு எங்கேயிருந்து வரும்? எழுதுனவரு மலைக்கு வந்து பாத்தாரா?" என்று கேட்டார். அந்த ஒரு வினாவிற் கதை முழுவதும் சரிந்தது. தான் பேச எடுத்துக்கொண்ட பொருளை உள்ளபடி அறிந்திருப்பதே நல்ல நூலின் முதல் இலக்கணம் என்பதை அன்று கற்றேன்.

இவ்வகையில் நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' (1980) என்னும் சிறுகதைத் தொகுதியை. கொழுந்து பறிப்பது கைத்திறன் வேண்டும் தொழில் என்பதையும், அத்திறனோடு தொழிலாளியின் மானம் பிணைந்துள்ளது என்பதையும் இராமையா அறிந்திருந்தார். இரக்கத்தைக் கேட்டு நிற்காத எழுத்து அது. மலையகத்தை அறியாத நண்பருக்கு முதலிற் கொடுக்கத் தக்கது. நாட்டார் பாடலில் நாட்டமுள்ளவருக்கு சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைச் சொல்வேன். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், எழுத்தறியாதவரின் வாய்மொழியையும் இலக்கியமாக மதித்தார்.

ஆயின் நம்மைப் பற்றிய நூல்களே நமக்கு நல்ல நூல்கள் என்று கொள்வது பெருந் தவறாகும். நமது வாழ்வை நமக்குக் காட்டுவது நூலின் பணியிற் பாதியே. நாம் காணாத வாழ்வை நமது வாழ்வோடு ஒப்பிடச் செய்வது மற்றைப் பாதி. முல்க்ராஜ் ஆனந்த் 1937 இல் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்ட நாவல் அசாமைக் களமாகக் கொண்டது. பி. எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு' ஆனைமலைத் தோட்டங்களைக் காட்டுவது. இவற்றை வாசித்தபின், நமது துயரம் நமக்கு மட்டுமே விதிக்கப்பட்டதன்று, ஒரு தொழில்முறையின் விளைவு என்பது புலனாகும். எமிலி சோலாவின் 'ஜெர்மினல்' (1885) நாவலில் தேயிலையுமில்லை, தமிழருமில்லை. வட பிரான்சின் நிலக்கரிச் சுரங்கமே உண்டு. எனினும், அதன் தொழிலாளர் குடியிருப்பை வாசிக்கையில் எங்கள் லயத்தின் வரிசை என் கண்முன் வந்தது. பொறியியல் பயிலும் நண்பருக்கு அதையே தருவேன்; இயந்திரமும் மனிதனும் அதில் ஒருங்கே வருகின்றன.

இங்கே கசப்பான ஒன்றையும் கூற வேண்டும். மலையக மக்களின் 200 ஆண்டு வரலாறு 2023 இல் பரவலாக நினைவுகூரப்பட்டது. அது நன்று. ஆனால் மலையகம் பற்றி எதை எழுதினாலும் புகழ வேண்டும் என்ற ஒரு வழக்கமும் நம்மிடையே உண்டு. பொருள் உயர்ந்தது, ஆகவே நூலும் உயர்ந்தது என்பது அதன் தருக்கம். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் கதையைச் சொல்லும் நூலொன்று நலிவாக இருந்தால், அது நலிவானது என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். குறைந்த நிறுவைக்கு நிறைந்த பேர் போடுவது கூடைக்குச் செய்யும் மரியாதையன்று. நிறையக் கொழுந்தெடுத்தவளை அவமதிப்பது. இரக்கத்தாற் புகழப்படும் எழுத்தாளன் மேலும் வளர்வதில்லை. அப்புகழை நம்பி வாங்கி ஏமாந்த வாசகன் அடுத்த மலையக நூலைத் தொடுவதுமில்லை.

ஆதலாற் பரிந்துரைப்போர் மூன்று காரியங்களைச் செய்தல் நலம். கேட்பவர் எதை அறிய விரும்புகிறார், எவ்வளவு நேரம் உடையவர் என்பதை முதலில் விசாரித்தல் வேண்டும். அந்நூல் நமக்கு ஏன் பிடித்தது என்பதை ஒரு வாக்கியத்திலாவது சொல்லி, அதன் குறையையும் மறைக்காது கூறுதல் வேண்டும். இயலுமாயின் பெயரோடு நிறுத்தாமல் நூலையே இரவலாகக் கொடுத்தல் வேண்டும். திரும்பி வரும்போது, "எங்கே உமக்கு ஒவ்வவில்லை?" என்று கேட்க மறவாதீர்கள். அவ்வினாவுக்கு விடையாக எழும் வாதமே பல்கலைக்கழகத்தின் உண்மையான வகுப்பு.

நான் மேலே குறித்த நூல்களுக்கும் இவ்விதி பொருந்தும். வாசித்த பின் எனது மதிப்பீட்டை மறுக்க விரும்பும் நண்பர்களை வரவேற்கிறேன். அவர்கள் தம் கையிலும் ஒரு நூலோடு வருவார்களாக.