ஏறி இறங்கும் சீட்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சைக்கிள் சீட் உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் மன்னிக்காது. ஏலத்தோட்டத்துக் கல் பாதையில் இறங்கும்போதோ அதே சீட் எமன். உடம்பைப் பின்னே தள்ளவிடாமல் முட்டுக்கொடுத்து, ஆளை ஹாண்டில்பாருக்கு மேலாகக் கவிழ்த்துவிடும்.

விசையைத் தட்டியபடி உட்கார்ந்து அழுத்தினால் தாழ்ந்து, மறுபடி தட்டினால் எழும்பும் குழாய் இதற்காகத்தான் வந்தது. 'டிராப்பர்' என்கிறார்கள். பெரும்பாலானவற்றில் வாயு அடைத்த குப்பிதான் உயிர். பழுதானால் அதை மட்டும் மாற்றக்கூடியதாக வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. எண்ணெய் அழுத்தத்தால் விசை இயங்கும் ரகம் நளினமானதுதான். மலையடிவாரத்தில் அதற்கு வைத்தியம் பார்ப்பவர் யார்? கம்பி இழுக்கும் ரகத்துக்கு, கியர் சைக்கிள் கம்பியே அநேகமாகப் போதும்.

குழாயின் குறுக்களவு 30.9 மில்லிமீட்டரா, 31.6ஆ என்று சைக்கிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லையே என்று அலட்சியம் செய்தால் நுழையவே நுழையாது. கால் கட்டையானவர்கள் 200 மில்லிமீட்டர் இறக்கத்துக்கு ஆசைப்பட வேண்டாம். சீட் எழும்பி நிற்கும்போது பெடல் எட்டாது.

மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்துச் சேறு குழாயின் கழுத்தில் அப்பிக்கொள்ளும். வீடு திரும்பியதும் பழைய வேட்டித் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.