சேவ், லோடு

இங்கிலாந்தில் ஐம்பது வயதைத் தாண்டிய மென்பொருள்காரர்களோடு வேலை செய்தவர்களுக்கு இந்தச் சண்டை தெரிந்திருக்கும். ஒருவர் ஸ்பெக்ட்ரம் கட்சி, இன்னொருவர் கமடோர் 64 கட்சி. ரஜினி - கமல் சண்டை மாதிரி பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கி, தலை நரைத்த பிறகும் தீராத வழக்கு. இரண்டுமே 1982-இல் சந்தைக்கு வந்த வீட்டுக் கணினிகள். கிளைவ் சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் மலிவானது. 16 கேபி நினைவகம் உள்ள பெட்டி 125 பவுண்டு, 48 கேபி பெட்டி 175 பவுண்டு. அழிரப்பர் போன்ற விசைகள். ஒலி என்று சொல்ல ஒரு பீப் சத்தம். எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறங்களுக்குத்தான் இடம். அதனால் விளையாட்டில் ஒருவன் சுவரைக் கடந்து நடந்தால் சுவரும் அவன் நிறத்துக்கு மாறிவிடும். கமடோர்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அமெரிக்காவில் 595 டாலருக்கு வந்த கமடோரில் 64 கேபி நினைவகமும், மூன்று குரலில் பாடும் 'சிட்' என்ற ஒலிச் சில்லும் இருந்தன. இந்த இரண்டிலும் சேராமல் பிபிசி மைக்ரோ என்று மூன்றாவது ஒன்று. அது பள்ளிக்கூடங்களுக்கும் கொஞ்சம் வசதியான வீடுகளுக்கும்.

இந்தப் பேச்சை நான் பலமுறை பொறாமையோடு கேட்டிருக்கிறேன். அந்தப் பெட்டிகளில் சுவிட்சைப் போட்டதும் விளையாட்டு வராது என்பதுதான் என் பொறாமைக்குக் காரணம். பேசிக் மொழியில் நீ ஏதாவது சொல், நான் செய்கிறேன் என்று பெட்டி காத்திருக்கும். விளையாட வேண்டுமென்றால் டேப் ரிக்கார்டரைச் செருகி, கேசட்டைப் போட்டு, அதன் கீச்சொலியைக் கேட்டபடி சில நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். பையன் தான் எழுதிய நிரலையும் அதே மாதிரி கேசட்டில் பதிந்துகொள்ளலாம். கடையில் வாங்கிய விளையாட்டுக்கும் அவன் எழுதியதற்கும் ஒரே வழிதான். 'மானிக் மைனர்' என்ற புகழ்பெற்ற ஸ்பெக்ட்ரம் விளையாட்டை 1983-இல் எழுதியபோது மேத்யூ ஸ்மித் பதின்வயதுப் பையன். டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் கேம்பிரிட்ஜில் மாணவர்களாக இருந்தபோது எழுதி 1984-இல் வெளிவந்த 'எலைட்', எட்டு விண்மீன் மண்டலங்களை, ஒவ்வொன்றிலும் 256 கோள்களோடு, பிபிசி மைக்ரோவின் 32 கேபிக்குள் அடக்கிக் காட்டியது.

இந்தியாவிலும் இந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. 1984-85-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 250 பள்ளிகள். கொடுத்த பெட்டி பிபிசி மைக்ரோ. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதன் இந்திய வடிவத்தைத் தயாரித்தது. எண்பதுகளின் பிற்பாதியில் டெசிபெல்ஸ் என்ற இந்திய நிறுவனம் உரிமம் வாங்கி ஸ்பெக்ட்ரத்தை இங்கே விற்றது. ஆனால் 250 பள்ளிகள் என்பது, நாட்டில் மாவட்டத்துக்கு ஒன்று என்று பங்கு வைத்தால்கூடப் போதாத கணக்கு. இதெல்லாம் நான் வேலைக்கு வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

*

எங்கள் தெருவுக்கு வந்தது வேறொன்று. வளைகுடாவிலிருந்து விமானம் ஏறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, டாங் பொடிக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே துணி சுற்றப்பட்டு, களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தது. பெயர் 'டிவி கேம்'.

தொண்ணூறுகளின் கடைசி. வடசேரிப் பக்கம் வீட்டு முன்னறையில் இரண்டு டிவியைப் போட்டு, மணிக்குப் பத்து ரூபாய் வாங்கி விளையாட விட்ட ஒருவர் இருந்தார். அரை மணிக்கு ஐந்து ரூபாய். கரண்ட் போனால் நேரம் கழிப்பதில்லை, அது அவருடைய நேர்மை. அத்தை வீட்டிலும் ஒரு பெட்டி வந்த பிறகு நான் அங்கேயே கிடந்தேன். டிவியில் சேனலைத் திருகித் திருகிப் படம் பிடிக்க வேண்டும். பெட்டி ஓடினால் பிக்சர் டியூப் போய்விடும் என்பது பாட்டாவின் தீராத நம்பிக்கை. "சவத்த, டிவி போச்சுண்ணா ஆரு வாங்கித் தருவா?" என்று திண்ணையிலிருந்து குரல் வரும். கேசட் ஓடவில்லையென்றால் எடுத்து வாயால் ஊதிச் செருக வேண்டும்.

எங்களுக்கும் கட்சிகள் இருந்தன. சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று இங்கே பெயர் போட்டு விற்றவை ஒரு பக்கம். பெயரே இல்லாத வளைகுடாப் பெட்டிகள் இன்னொரு பக்கம். யார் பெட்டி ஒரிஜினல் என்பதில் அடிதடி வரை போயிருக்கிறது. காண்ட்ராவில் முப்பது உயிர் கிடைக்க அழுத்த வேண்டிய வரிசையை, மேலே மேலே கீழே கீழே என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். எங்கள் பெட்டியில்தான் அது சரியாக விழும் என்று ஒவ்வொருவனும் சத்தியம் செய்வான். கேசட்டின் மேலே 99,99,999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்து இருபதுதான் மாறி மாறி வரும்.

ஒன்றுகூட ஒரிஜினல் இல்லை. எல்லாமே நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற பெட்டியின் நகல்கள். அதன் மூளை 6502 என்ற சில்லின் வாரிசு. மோட்டரோலாவை விட்டு வெளியேறிய சக் பெடிலும் கூட்டாளிகளும் வடிவமைத்து, 1975-இல் 25 டாலருக்கு விற்ற சில்லு அது. ஆப்பிள் 2-இல் இருந்தது அதுதான், பிபிசி மைக்ரோவிலும் அதுதான், கமடோர் 64-இல் இருந்தது அதன் தம்பி. ஸ்பெக்ட்ரத்தில் மட்டும் ஸெட்80 என்ற வேறு சில்லு. ஆகவே பத்து ரூபாய் கொடுத்து வடசேரியில் வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும், எங்களுக்கே தெரியாமல், கமடோர் கட்சிக்காரர்கள்.

அந்தப் பெட்டியின் வேலை நினைவகம் வெறும் 2 கேபி. சூப்பர் மரியோ முழுவதும், எட்டு உலகமும் இசையும் சேர்த்து, 40 கேபி. இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது. மரியோவின் தலைக்கு மேலே மிதக்கும் மேகமும் காலடியில் இருக்கும் புதரும் ஒரே ஓவியம்தான். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். இடமில்லாத வீட்டில் பகலில் சுருட்டி வைத்த பாயை இரவில் விரிக்கிற மாதிரியான சிக்கனம். தொழிலாக நிரல் எழுத ஆரம்பித்த பிறகுதான் இதன் அழகு எனக்குப் புரிந்தது.

*

அத்தை மகன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அத்தானுக்கு விளையாடுவதில் அவ்வளவு ருசி கிடையாது. பேட்டில் சிட்டி என்ற டாங்கி விளையாட்டின் முதல் திரையில், ஒரு ஆள், இரண்டு ஆள் என்பதற்குக் கீழே 'கன்ஸ்ட்ரக்ஷன்' என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் செங்கலையும் இரும்பையும் தண்ணீரையும் நாமே வைத்துப் போர்க்களத்தைக் கட்டலாம். அத்தான் அங்கேதான் குடியிருந்தார். எதிரி டாங்கி எந்த வழியாக வரும் என்று கணக்குப் போட்டு, கழுகைச் சுற்றி விதவிதமாகக் கோட்டை கட்டுவார். கட்டி முடித்ததும் ரிமோட்டை என்னிடம் தந்துவிடுவார். "நீ வெளையாடு மக்கா, நான் பாக்கேன்."

எக்சைட்பைக் என்ற மோட்டார் பைக் விளையாட்டில் இது இன்னும் விரிவாக இருந்தது. மேடு, பள்ளம், சேறு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கில எழுத்து. வேண்டியதை வேண்டிய இடத்தில் வைத்து நாமே பந்தயப் பாதை போடலாம். அந்தப் பட்டியலின் கீழே 'சேவ்', 'லோடு' என்று இரண்டு சொற்கள். சேவை அழுத்தினால் எதுவும் பதியாது. கேசட் கோளாறு என்று அத்தான் எடுத்து ஊதுவார், துடைப்பார், மறுபடி செருகுவார். பதியாது. கரண்ட் போனால் அரை நாள் உழைப்பு போய்விடும். கடைசியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பாதைகளை எழுத்து எழுத்தாக எழுதிவைக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒழுகினசேரி, பார்வதிபுரம், ஆரல்வாய்மொழி என்று பெயர். ஆரல்வாய்மொழிப் பாதை நீளமாக, மேடில்லாமல் இருக்கும். அங்கே காற்று தள்ளும் என்பார்.

அந்த இரண்டு சொற்களும் கேசட் கோளாறு இல்லை. 1984-இல் நின்டெண்டோ, ஷார்ப், ஹட்சன் மூன்றும் சேர்ந்து 'ஃபேமிலி பேசிக்' என்று ஒன்றை ஜப்பானில் வெளியிட்டன. விசைப்பலகையும் ஒரு கேசட்டும். செருகினால் விளையாட்டுப் பெட்டி நிரல் எழுதும் கணினி ஆகிவிடும். எழுதியதைப் பதிய ஒரு டேப் ரிக்கார்டரையும் தனியாக விற்றார்கள். எக்சைட்பைக்கின் சேவும் லோடும் அந்த டேப்புக்காக வைக்கப்பட்டவை. விசைப்பலகையும் டேப்பும் ஜப்பானைத் தாண்டவே இல்லை. அமெரிக்காவில் விற்ற விளையாட்டின் கையேட்டிலேயே இவை இயங்காது என்று சொல்லியிருந்தார்கள். எங்களுக்குக் கையேடும் கிடையாது. பெட்டியை நகலெடுத்தவர்கள் விற்கக்கூடிய பாதியைத்தான் நகலெடுத்தார்கள். மறுபாதி இருந்ததற்கு அடையாளமாக அந்த இரண்டு சொற்கள் மட்டும் கூடவே வந்துவிட்டன.

மறுபாதியை நாங்கள் ஒருமுறை பார்த்தோம். தெருக்கோடி வீட்டு மாமா சவூதியிலிருந்து வந்தபோது, விசைப்பலகையோடு கூடிய ஒரு டிவி கேம் கொண்டுவந்தார். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சின்னவை என்பதால் அது ஷோகேஸில் இருந்தது. பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் தந்தார்கள். கையேட்டில் இங்கிலீஷில் இருந்த பக்கத்தைப் பார்த்து அத்தான் இரண்டு வரி அடித்தார். 10 பிரிண்ட், அடுத்து அவர் பெயர். 20 கோ டு 10. திரை முழுக்க அவர் பெயர் மேலேறி ஓடிக்கொண்டே இருந்தது.

"லேய், நாம சொன்னதக் கேக்குது பாத்தியா!"

அன்று சாயங்காலம்வரை அத்தான் எழுந்திருக்கவில்லை. பெயருக்குப் பதில் நட்சத்திரங்கள், நட்சத்திரங்களுக்கு நடுவே இடைவெளி, இடைவெளி கூடிக் குறைந்து ஒரு அலை. மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தோம். அப்புறம் அது ஷோகேஸை விட்டு இறங்கியதாக நினைவில்லை.

இந்த மாதிரி விசைப்பலகைப் பெட்டிகளைச் சீனாவில் பெரிய அளவில் விற்றது சுபோர் என்ற நிறுவனம். பிள்ளைகள் படிக்கும் கணினி என்று சொல்லி விற்றார்கள். அதை நடத்திய துவான் யோங்பிங் 1995-இல் வெளியேறி பிபிகே நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த வழியில் வந்தவைதான் ஓப்போவும் விவோவும். இன்று வடசேரி பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் பாதிப் பேர் கையில் அந்தக் குடும்பத்துப் பெட்டிகள்தான். எங்கள் டிவி கேமைவிட லட்சம் மடங்கு நினைவகம் உள்ளவை. ஆனால் ஒரு பத்து வயதுப் பிள்ளை அதனிடம் எதையாவது சொல்லிச் செய்யவைக்க, பெட்டியில் வைத்தே தந்த வழி ஒன்றும் இல்லை. இங்கிலாந்திலேயே இந்தக் கவலை வந்தது. வீட்டுக் கணினிகளின் காலம் முடிந்தபின் கேம்பிரிட்ஜுக்கு வரும் மாணவர்களிடம் நிரல் எழுதிய பழக்கம் குறைந்துவிட்டதைக் கண்டு எபன் அப்டனும் நண்பர்களும் முயன்றதில்தான் 2012-இல் ராஸ்பெரி பை வந்தது.

*

அத்தான் பிளஸ் டூ முடித்து ஐடிஐ எலக்ட்ரீஷியன் படித்தார். மாமா இறந்துபோய், அத்தை தையல் மிஷினை வைத்துக் குடும்பம் நடத்திய காலம் அது. பிறகு தம்மாம் போனார். என் அப்பாவுக்கு மாதச் சம்பளம் இருந்தது. நான் பொறியியல் கல்லூரிக்குப் போனேன்.

அங்கே மூன்றாம் ஆண்டில் 8085 பயிற்சிப் பலகை. இன்டெல் 1976-இல் வெளியிட்ட சில்லை வைத்து அப்போதும் பாடம் நடத்தினார்கள். எண்களாக நிரலை அடித்து, 32 00 45 என்று கொடுத்தால் விடை 4500 என்ற முகவரியில் போய் உட்காரும். 76 என்றால் நில். ஏன் இந்தப் பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று வகுப்பே சலித்துக்கொண்டது. பல வருடம் கழித்து ஸ்பெக்ட்ரத்தின் அமைப்பைப் படிக்கும்போது உட்கார்ந்துவிட்டேன். அதன் ஸெட்80 சில்லை வடிவமைத்தவர் இன்டெலை விட்டுப் போன ஃபெடரிகோ ஃபாகின். இரண்டு சில்லுகளுக்கும் ஒரே மூதாதை, 8080. அதனால் 32-க்கும் 76-க்கும் இரண்டிலும் ஒரே பொருள். அதோடு ஸ்பெக்ட்ரத்தில் 4500 என்ற முகவரி திரைக்கு உரியது. ஐந்தையும் மூன்றையும் கூட்டி எட்டை 4500-இல் போடும் எங்கள் முதல் பயிற்சி ஸ்பெக்ட்ரத்தில் ஓடியிருந்தால், திரையின் இடது ஓரத்தில், ஆறாவது வரியில், ஐந்தாவது இடத்தில் ஒரேயொரு புள்ளி எரிந்திருக்கும். எங்கள் பலகையில் திரை இல்லை. 08 என்று சிவப்பு எண் வந்தது, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். ஸெட்80 சில்லின் தயாரிப்பை 2024-இல்தான் நிறுத்தினார்கள்.

அந்தப் பெட்டியும் டேப்பும் கிடைத்திருந்தால் அத்தான் இன்னொரு மேத்யூ ஸ்மித் ஆகியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சுலபம், அதற்கு ஆதாரமும் இல்லை. செய்து பார்க்க ஒரு பையனுக்கு எத்தனை நாள் கிடைத்தது என்பதைத்தான் எண்ண முடிகிறது. அங்கே இருந்தவர்களுக்கு வருடங்கள். அத்தானுக்கு இரண்டு நாள். எந்தப் பெட்டி உசத்தி என்ற வழக்கில் இந்தக் கணக்கு வருவதே இல்லை.

போன வருடம் தம்மாமிலிருந்து அத்தான் பேசியபோது, சேவும் லோடும் எதற்காக இருந்தன என்பதைச் சொன்னேன். ஜப்பான், விசைப்பலகை, டேப் ரிக்கார்டர் எல்லாம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"டேப் ரிக்கார்டர் தானே மக்கா? அது நம்ம வீட்டுலயே கெடந்துதே."

"வெறும் டேப்பு மட்டும் போதாது அத்தான், கீபோர்டு வழியாத்தான் போவும்."

"கீபோர்டும் ரெண்டு நாள் கெடந்துதே."

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அத்தான் பேச்சை மாற்றி, மகளுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டார். வைக்கும் முன்னால், "ஊருக்குப் போனா அம்மைக்கிட்ட கேளு. அந்த நோட்டு மச்சுல கெடக்கும், எலி கடிக்கலேண்ணா" என்றார்.