ஆட்டம் நின்றால் யார் கணக்கில்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஓர் ஆட்டத்தை நடத்துவதா, தள்ளிவைப்பதா, கைவிடுவதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை. லீக் ஆட்டங்கள் 'கான்பரன்ஸ்' எனப்படும் கல்லூரிக் குழுமங்களின் பொறுப்பு. பெரும்பாலான விளையாட்டுகளில் தேசிய அளவிலான போட்டியை, கல்லூரி விளையாட்டுக்கான தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்துகிறது. அதனால் தொற்று பரவும்போது ஒவ்வொரு குழுமமும் தனக்கென விதி வகுத்துக்கொள்கிறது.

கோவிட்டுக்கு முன் இத்தகைய இடையூறுகள் பெரும்பாலும் சிறு வட்டத்துக்குள் முடிந்தன. 1969-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் மாசடைந்த நீரால் ஹெபடைட்டிஸ் பரவியது; அந்த அணி இரண்டே ஆட்டங்களோடு அவ்வாண்டு ஒதுங்கியது. 1989-இல் தட்டம்மை பரவியபோது நார்த் அட்லாண்டிக் குழுமம் தன் கூடைப்பந்துப் போட்டியைப் பார்வையாளர் இல்லாத அரங்கில் நடத்தியது. 2020 மார்ச் 12 அன்றோ, 1939 முதல் தடையின்றி நடந்துவந்த என்.சி.ஏ.ஏ. ஆடவர் கூடைப்பந்துத் தொடரே ரத்தானது.

அவ்வாண்டு இலையுதிர் பருவத்தில் எஸ்.இ.சி. குழுமம் ஃபுட்பாலுக்கு ஓர் அளவுகோல் வைத்தது. உதவித்தொகை பெறும் வீரர்களில் 53 பேர் ஆடும் நிலையில் இருக்க வேண்டும். அவர்களுள், பந்தை எறிந்து ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் ஒருவராவது இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கோரலாம். மாற்றுத் தேதி கிடைக்காவிட்டால் அது நடக்காத ஆட்டமாகவே கருதப்படும். வெற்றியோ தோல்வியோ எவர் கணக்கிலும் ஏறாது. தடுப்பூசி வந்தபின் இந்தப் பரிவு குறைந்தது. 2021 கோடையில் அதே குழுமம், ஆட இயலாத அணி தோற்றதாகவே கொள்ளப்படும், எதிரணிக்கு வாக்ஓவர் என்று அறிவித்தது. தடுப்பூசி போட்டவர்களையும் ஒமிக்ரான் தொற்றியதால் டிசம்பரில் கூடைப்பந்துக்கு அந்த விதி தளர்ந்தது: 7 வீரர்களும் ஒரு பயிற்சியாளரும் இருந்தால் ஆட வேண்டும், இல்லையேல் வேறு தேதி தேடப்படும்.

விதிகள் பருவத்தின் நடுவிலும் மாறின. பிக் டென் குழுமம் 2020-இல் தன் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெறக் குறைந்தது 6 ஆட்டங்கள் வேண்டும் என்றது. தோல்வியே காணாத ஒஹையோ ஸ்டேட் அணிக்கு 5 ஆட்டங்களே அமைந்தன. டிசம்பர் 9 அன்று குழுமம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. ஒஹையோ ஸ்டேட் இறுதியில் நார்த்வெஸ்டர்னை 22-10 என வென்றது.

தோற்றால் வெளியேற வேண்டிய தொடர்களில் சிக்கல் கூடுதல். ஒருவர் முன்னேறியே ஆக வேண்டும். காத்திருக்க நாளும் இல்லை. 2021 மார்ச்சில் என்.சி.ஏ.ஏ. ஆடவர் கூடைப்பந்துத் தொடரில் வி.சி.யு. அணியில் தொற்று உறுதியானதால் ஆரிகன் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போனது. அதே ஆண்டு ஜூனில் ஒமாஹாவில் நடந்த, இருமுறை தோற்றால் மட்டுமே வெளியேற வேண்டிய கல்லூரி பேஸ்பால் உலகத் தொடரில் என்.சி. ஸ்டேட் தொற்றால் 13 வீரர்களுடன் மட்டுமே ஆடி வாண்டர்பில்ட்டிடம் 3-1 எனத் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் வென்றால் இறுதிக்குப் போகலாம் என்ற நிலையில் அது கைவிடப்பட, வாண்டர்பில்ட் முன்னேறியது.

பருவ இறுதியின் 'பௌல்' ஆட்டங்களில் மாற்று அணிக்கு இடமுண்டு. 2021 டிசம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் விலகியதும் கேட்டர் பௌலுக்கு ரட்கர்ஸ் அழைக்கப்பட்டது. அந்த ஆண்டின் தேசியப் பட்டத்துக்கான அரையிறுதிகளிலோ, ஆட இயலாத அணி வெளியேறும் என்பதே விதி. இறுதி ஆட்டத்தை மட்டும் ஜனவரி 10-இலிருந்து 14 வரை தள்ளிவைக்க இடம் விடப்பட்டிருந்தது. மூன்று ஆட்டங்களும் குறித்த நாளிலேயே நடந்தன.