முன்னணையும் பல்லவியும்

டிசம்பர் 9, ஒலுவில்

மாரி ஓய்வதாக இல்லை. வட்டை முழுக்க வேளாண்மை பச்சை கட்டி நிற்கிற நேரத்தில், கடைத்தெருக் கண்ணாடிகளுக்குப் பின்னால் பஞ்சில் செய்த பனி விழத் தொடங்கிவிட்டது. நத்தார் வருகிறது என்பதற்கு இப்போது அதுதான் முதல் அறிவிப்பு. பெத்லகேம் கதையில் பனி ஓரிடத்திலும் இல்லை. எந்தக் குளிர்நாட்டு வாழ்த்து அட்டையிலிருந்து அது கடல் தாண்டி வந்ததோ. இதைக் கண்டு சலித்துப்போகும் கிறிஸ்தவர்கள் பலர் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: ஆரவாரத்தைக் குறை, பாட்டைக் குறை, வேதத்தைத் திற. முதலாவதும் மூன்றாவதும் சரி. நடுவில் உள்ளதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நத்தாரில் பக்தி ஆழப்பட வேண்டுமானால் வேதத்தைப் பாட்டிலிருந்து பிரிக்கக்கூடாது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய ஒரு கதையைக் கண் மட்டும் வாசித்தால், தெரிந்த செய்திதானே என்று தாண்டிப் போய்விடும். அந்தக் கண்ணை ஒரு சொல்லில் நிற்கவைக்கிற வேலையைப் பாட்டு செய்கிறது.

முஸ்லிம் ஊரில் இருந்துகொண்டு வேதக்காரரின் பண்டிகைக்கு யோசனை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா என்று கேட்கலாம். கேட்கட்டும். யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்த ஆறுமுக நாவலர் தீவிர சைவர். பிறகு மிஷனரிமாரை எதிர்த்தே எழுதினார். அதனால் 1850இல் அச்சேறிய அந்த மொழிபெயர்ப்பில் அவர் காட்டிய உழைப்பு பொய்யாகிவிடவில்லை. தன்னுடையதல்லாத வேதத்தையும் ஒருவர் கூர்ந்து படிக்கலாம். ஈஸா நபியின் பிறப்போ எங்களுக்கு அந்நியமும் அல்ல. குர்ஆனின் 19ஆவது ஸூராவுக்குப் பெயரே மர்யம்.

டிசம்பர் 13

லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களை எண்ணிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தட்டுப்படும். பிறப்புக்கு அவர் ஒதுக்கியிருப்பது ஒரே வசனம், 2:7. பெற்றாள், துணியில் சுற்றினாள், கிடத்தினாள், சத்திரத்தில் இடமில்லை, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னே மரியாளின் துதி 10 வசனம் ஓடுகிறது. பேச்சிழந்திருந்து வாய் திறந்த சகரியாவுக்கு 12 வசனம். மேய்ப்பர்களுக்கு முன்னால் வானோர் கூட்டம் ஒரு வசனத்தில் துதித்து மறைகிறது. குழந்தையைக் கையில் ஏந்திய சிமியோனுக்கு நான்கு. நடந்ததைச் சொல்ல ஒரு வசனம் போதும், நடந்தது என்னவென்று உணர்த்தச் செய்யுள் வேண்டும் என்று லூக்கா நினைத்திருக்கிறார் போலும். அவர் ‘பாடினாள்’ என்று எழுதவில்லையே, ‘சொன்னாள்’ என்றுதானே எழுதினார் என்று ஒரு கண்டிப்பான வாசகர் குறுக்கிடக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனாலும் இவை எபிரெயச் சங்கீதங்களின் வார்ப்பில் வந்த செய்யுள்கள். மேற்குத் திருச்சபை பல நூற்றாண்டுகளாகச் சகரியாவினுடையதை விடியற்காலையிலும், மரியாளினுடையதை மாலையிலும், சிமியோனுடையதைப் படுக்கப் போகுமுன்னும் நாள்தோறும் பாடிவருகிறது.

இன்னொன்றும் உண்டு. மரியாளின் துதி புதிதாக முளைத்ததல்ல. பிள்ளையில்லாமல் அழுது சாமுவேலைப் பெற்ற அன்னாளின் துதி, முதலாம் சாமுவேல் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே குரலின் எதிரொலி கேட்கும். வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் ஒரு பெண் தன் முன்னோரின் வேதத்தைத் தன் வாயால் மறுபடி சொல்லித் தன் நிலையைப் புரிந்துகொள்கிறாள். வேதத்தைப் பாட்டாக வாசிப்பது பிற்காலத்தார் சேர்த்த அலங்காரம் என்று சொல்லவே முடியாது. கதைக்குள்ளேயே அது நடக்கிறது. அந்தத் துதியின் பொருளும் இலேசானதல்ல. அரியணையில் இருப்பவர்கள் இறக்கப்படுகிறார்கள், பசித்தவர் நிறைகிறார்கள், செல்வர் வெறுங்கையோடு போகிறார்கள். இதை மாலைதோறும் பாடுகிறவர் பஞ்சுப் பனிக்குள் நிம்மதியாக இருந்துவிட முடியுமா?

டிசம்பர் 17

1734ஆம் ஆண்டு நத்தாருக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோஹான் செபஸ்தியான் பாக் ஆக்கிய ‘கிறிஸ்மஸ் ஒரத்தோரியோ’ என்ற இசைப்படைப்பு ஆறு பகுதிகள் கொண்டது. டிசம்பர் 25 தொடங்கி ஜனவரி 6 வரை ஆறு திருநாள்களில் பகுதி பகுதியாக அது ஆலயங்களில் ஒலித்தது. அதன் கட்டமைப்பே என் வாதத்துக்குச் சாட்சி. ஒரு குரல் சுவிசேஷ வசனத்தை ஏறக்குறைய பேச்சுப்போலவே பாடிவிட்டு நிற்கும். உடனே வேறொரு குரல் அந்த வசனத்தின் முன்னால் நின்று தியானிக்கும். அதன்பின் எல்லோருக்கும் பழகிய ஞானப்பாட்டு மெட்டு ஒன்று எழும். வாசித்துக்கொண்டே ஓடிவிட முடியாதபடி வேதம் அங்கங்கே நிறுத்தப்படுகிறது.

முதல் பகுதியில் குழந்தையை எப்படி வரவேற்பேன் என்று கேட்கும் ஞானப்பாட்டுக்குப் பாக் எடுத்த மெட்டு, அவருடைய மத்தேயு பாடுகளின் இசையில் முள்முடி சூடிய தலையைப் பார்த்து மீண்டும் மீண்டும் வருகிற அதே மெட்டு. ஆறாம் பகுதியின் கடைசியில் அது திரும்பி வருகிறது, இம்முறை எக்காளங்களோடு. அந்த மெட்டு அக்காலத்தில் வேறு பாட்டுகளுக்கும் வழங்கிவந்தது. ஆகவே தொட்டிலின் மேல் சிலுவையின் நிழலை அவர் வேண்டுமென்றே விழவைத்தார் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் காது சொற்களுக்கு முன்னே நினைவுகூரும். பிறப்பின் சொற்களைக் கேட்கும்போதே மரணத்தின் மெட்டு உள்ளே நடக்கிறது. விளக்கவுரைக்குப் பல பக்கங்கள் பிடிக்கும் ஒரு வாசிப்பு இது.

இங்கேதான் கடுமையான ஆட்சேபம் வரும். அந்த ஒரத்தோரியோவின் ஆரம்பப் பேரொலி, 1733 டிசம்பரில் ஓர் அரசியின் பிறந்தநாளுக்காகப் பாக் எழுதிய இசை. சொற்களை மாற்றி ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். நான் புகழ்ந்த அந்த மெட்டும் முதலில் ஒரு காதல் பாட்டுக்குரியது. ஹேண்டல் 1741இல் மூன்று வாரத்துக்குச் சற்றே கூடுதலான நாள்களில் எழுதி முடித்த ‘மெசையா’வில், பாலன் பிறந்தான் என்ற ஏசாயாவின் வாக்குக்கு அமைந்த குதூகலமான இசையும், அதே ஆண்டு அவர் எழுதிய இத்தாலியக் காதல் இணைப்பாட்டு ஒன்றிலிருந்து எடுத்ததே. அப்படியானால் இது புனித இசை என்பது எப்படி? இசைக்குத் தானாகப் புனிதம் இருக்கிறது என்று வாதாடினால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. நான் அப்படி வாதாடவில்லை. எந்தச் சொல்லைத் தாங்குகிறது, அந்தச் சொல்லில் நம்மை எவ்வளவு நேரம் நிற்கவைக்கிறது என்பதை வைத்தே இசையை எடைபோட வேண்டும். ‘மெசையா’வின் சொற்கள் முழுவதையும் சார்ல்ஸ் ஜெனன்ஸ் வேதத்திலிருந்து மட்டுமே பொறுக்கித் தொகுத்தார்.

டிசம்பர் 20

லைப்சிக்கின் வாத்தியக் குழு எங்கே, கிராமத்துக் கோயிலின் பழைய ஆர்மோனியம் எங்கே என்பது அடுத்த மறுப்பு. தமிழில் இதற்கு விடை எப்போதோ வந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் 1774இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’யை 1800 அளவில் பாடினார். அரசரைத் தலைவராக வைத்துக் குறவஞ்சி நாடகங்கள் ஆடப்பட்ட காலம் அது. அரச உலாவுக்கும் காதலுக்கும் உரிய அந்த வடிவத்தை எடுத்துப் பெத்லகேமுக்குத் திருப்பினார். குறத்தி வருவதே வரப்போகும் தலைவனைப் பற்றிக் குறி சொல்லத்தான். ஏசாயா செய்ததும் அதைத்தானே! பிறகு கீர்த்தனை. ஒவ்வொரு சரணமும் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பல்லவியின் ஒற்றை வரிக்கு வீடு திரும்பியே ஆகவேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத ஒருத்தியும் அந்த வரியை ஆறு தடவை, எட்டுத் தடவை வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அச்சடித்த வேதம் கைக்கு வராத காலத்தில் வேதம் மனதில் ஏறிய வழிகளில் இது முக்கியமானது.

ஆனால் பாட்டு பொய்யும் சொல்லும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தையைத் தேடி வந்த ஞானியரை மத்தேயு அரசர் என்று சொல்லவில்லை, மூவர் என்றும் எண்ணவில்லை. கொண்டுவந்த காணிக்கைதான் மூன்று. லூக்காவில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. அவை ஏசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து பின்னாளில் உள்ளே நடந்து வந்தவை. லூக்காவில் இருப்பது முன்னணை மட்டும். கத்தோலிக்கர் கையிலுள்ள திருவிவிலியம் அதைத் தீவனத் தொட்டி என்று சொல்லும். பாட்டுகளோ ஒரு முழுத் தொழுவத்தையே கட்டி, குளிர்காற்றையும் உள்ளே விட்டுவிட்டன. இதற்காகப் பாட்டை ஒதுக்கினால் நட்டம் பெரிது. 1918இல், முதல் உலகப் போர் ஓய்ந்த கையோடு, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் எரிக் மில்னர்-வைட் தொடங்கிய ஆராதனையில் ஒன்பது வேதபாடங்களும் பாட்டுகளும் மாறிமாறி வருகின்றன. பாட்டு மிகைப்படுத்தியதை அடுத்த வாசிப்பு திருத்துகிறது. வாசிப்பு உலர்த்தியதைப் பாட்டு நனைக்கிறது.

டிசம்பர் 23

இன்னும் ஆழமான சந்தேகத்தை எழுப்பியவர் புனித அகுஸ்தீன். ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் புத்தகத்தில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தன்னை அசைத்தால் அதைப் பாவம் என்றே அறிக்கையிடுகிறார். ஆனாலும் மனந்திரும்பிய நாள்களில் சபையின் பாட்டைக் கேட்டுத் தான் விட்ட கண்ணீரை அவரால் மறக்க முடியவில்லை. ஆலயத்தில் பாடும் வழக்கத்தை இறுதியில் தயக்கத்தோடு ஏற்கிறார். எங்கள் பக்கத்திலும் இதே வழக்கு உண்டு. இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் இசை கேட்பதைப் பற்றி ஒரு தனிப் பாகமே எழுதினார், உள்ளத்தில் இருப்பதைத்தான் பாட்டு அசைக்கும், இல்லாததைக் கொண்டுவந்து வைக்காது என்பது அவர் நிலை. நபிகளாரைப் புகழும் சுப்ஹான மௌலூது ஓதுவது தகுமா என்று கிழக்கிலங்கையில் நடக்கும் வாக்குவாதம் கேட்டவர்களுக்கு, அகுஸ்தீனின் அந்தத் தவிப்பு பக்கத்து வீட்டுப் பேச்சுப்போலவே இருக்கும்.

அபிசீனிய மன்னர் நஜாஷியின் அவையில் நபித்தோழர் ஜஃபர் மர்யம் ஸூராவின் தொடக்கத்தை ஓத, கிறிஸ்தவரான மன்னர் தாடி நனைய அழுதார் என்கிறது நபி வரலாறான ஸீரா. ஓதுதல் பாட்டல்ல, ஓதும் முறையான தஜ்வீதுக்குத் தனி ஒழுங்கு உண்டு, இரண்டையும் குழப்ப நான் தயாரில்லை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரு பிறப்பின் வேதம் மூச்சோடும் ஓசையோடும் காதில் விழுந்தபோது அது செய்த வேலையை, ஏட்டை நீட்டியிருந்தால் செய்திருக்குமா?

டிசம்பர் 28

கத்தோலிக்க நாட்காட்டியில் இன்று மாசில்லாக் குழந்தைகள் விழா. ஏரோது கொன்ற பாலகரின் நாள். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் எரேமியாவை நினைவுகூர்ந்து, பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலை மறுக்கும் ராகேலை நிறுத்துகிறார். ஜெனன்ஸ் தன் தொகுப்பில் அந்த வசனத்தை எடுக்கவில்லை. பாக்கும் ஞானியர் வேறு வழியாகத் திரும்பிப்போன வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். பெரும்பாலான நத்தார்ப் பாட்டுகளும் அங்கே வருவதற்குள் முடிந்துவிடும். இங்கிலாந்தின் கொவென்றி நகரத்துத் தொழிலாளர் 16ஆம் நூற்றாண்டில் நடித்த நாடகத்தின் தாலாட்டு ஒரு விதிவிலக்கு. அதில் தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்கு, சாகப்போகும் பிள்ளைகளுக்கு, ஆராரோ பாடுகிறார்கள்.

2004இல் நத்தாருக்கு மறுநாள் காலை கடல் ஏறி வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான், 10,000க்கும் மேல். இந்தக் கரையில் பாடுவதற்கு அந்த வசனத்துக்கு ஒரு பல்லவி வேண்டும். மரியாளின் துதிக்குத் தமிழில் எத்தனையோ மெட்டு இருக்கிறது. ராகேலுக்கு மெட்டுப் போடுகிறவர் ஒப்பாரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.