மலையடியில் சில நாள்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம், மலையின் தென்சரிவு தரையைத் தொடும் இடத்தில் ஸ்ரீ ரமணாசிரமம் இருக்கிறது. அங்கே தங்க வருகிறவர்களில் இருபதுகளில் இருப்பவர்களும் உண்டு. படிப்பை முடித்துவிட்டு அடுத்தது என்னவென்று தெரியாமல் நிற்பவர்கள், ஐ.டி. வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடமே சலித்துப்போனவர்கள், வீட்டில் ஒரு சாவு நடந்தபின் மனசு எதிலும் ஒட்டாமல் கிளம்பி வந்தவர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்கு இந்த இடத்தோடு தனி உறவு இருக்கிறது. சாவைப் பற்றிய ஒரு பையனின் பயத்திலிருந்துதான் இந்த ஆசிரமத்தின் கதையே தொடங்குகிறது.

1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் தனியே உட்கார்ந்திருந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயது மாணவனுக்குத் தான் சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென்று வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அவன் யாரையும் கூப்பிடவில்லை. கை காலை நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, பிணம்போலக் கிடந்து, சாவது எது என்று தனக்குள்ளேயே தேடிப் பார்த்தான். ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயோடு ஒரு சீட்டும் எழுதி வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டான். ‘நான்’ என்று தொடங்கும் அந்தச் சீட்டு, போகப்போக ‘இது’ என்று மாறிவிடுகிறது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. கையிலிருந்த காசு மாம்பழப்பட்டு வரைதான் வந்தது. அங்கிருந்து நடந்து, கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலையில் ரயிலைவிட்டு இறங்கி நேரே கோவிலுக்குப் போனான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவர், 1950 ஏப்ரல் 14 இரவு உடலை விடும்வரை, 53 ஆண்டுக்கு மேல் அந்த ஊரைவிட்டு அகலவே இல்லை.

இன்று வருகிறவர்களுக்கு வழி சுலபம். சென்னையிலிருந்து பஸ்ஸில் திண்டிவனம், செஞ்சி வழியாக நாலைந்து மணி நேரம். செஞ்சிக் கோட்டைப் பாறைகள் பின்னால் போய், கீழ்பென்னாத்தூரை நெருங்கும்போது ஜன்னலில் மலை தெரிய ஆரம்பிக்கும். 2,668 அடி உயரம்தான்; ஆனால் சுற்றிலும் சமவெளி என்பதால் அது தனியாக, பெரிதாக நிற்கிறது. தங்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கவேண்டும். கார்த்திகை தீபத்தை ஒட்டியும் மார்கழியில் மகரிஷியின் ஜயந்தியை ஒட்டியும் இடம் கிடைப்பது கடினம். அறைக்குக் கட்டணம் கிடையாது, சாப்பாட்டுக்கும் கிடையாது. கொடுக்க மனமுள்ளவர்கள் கொடுக்கலாம்.

அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டு சாவியைக் கொடுப்பார்கள், சாப்பாட்டு நேரத்தைச் சொல்வார்கள். அதோடு சரி. வகுப்பு இல்லை, தீட்சை இல்லை, எதை எப்போது செய்யவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. வேதபாராயணமும் பூஜையும் அந்தந்த வேளையில் நடக்கும். விருப்பமுள்ளவர் போய் உட்காரலாம். பள்ளி மணிக்கும் அலுவலகக் கெடுவுக்கும் பழகி வந்த பிள்ளைகளுக்கு முதல் நாள் பிற்பகல் பெரும் பாரமாக இருக்கிறது. கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்ப்பதும், போனை எடுப்பதும், வைப்பதும், மறுபடி எடுப்பதுமாக அந்தப் பொழுது போகும். இங்கே தரப்படுவதிலேயே மிக அரியது இந்த வெறும் பொழுதுதான். மகரிஷியின் வழியும் இதுவே. அவர் யாருக்கும் முறைப்படி தீட்சை தந்ததில்லை. கேட்டால் பதில் சொன்னார். பெரும்பாலும் பேசாமல் இருந்தார். 1902ஐ ஒட்டி, வருவாய்த்துறை அலுவலரான சிவப்பிரகாசம் பிள்ளை மலைமேல் வந்து கேட்ட கேள்விகளுக்கு அவர் வாய் திறக்காமல் எழுதிக் காட்டிய பதில்கள்தான் ‘நான் யார்?’ என்ற சிறிய நூலாயின. ஆசிரமப் புத்தகக் கடையில் அது இன்றும் கிடைக்கிறது. ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம். எந்த நினைவு எழுந்தாலும் ‘இது யாருக்கு?’ என்று கேட்பது, ‘எனக்கு’ என்று வந்தால் ‘அந்த நான் யார்?’ என்று அது எழுந்த இடத்துக்கே திரும்புவது: அதில் சொல்லியிருக்கும் பயிற்சி இவ்வளவுதான்.

அதைச் செய்து பார்க்கிற இடம் பழைய ஹால். மகரிஷி பல ஆண்டுகள் இரவும் பகலும் இருந்த சிறிய அறை அது. அவருடைய சோபாவில் இப்போது அவர் படம் இருக்கிறது. தரையில் பத்திருபது பேர் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வந்த பையன் சுவரோரம் இடம் பிடித்துக் கண்ணை மூடுகிறான். ஐந்து நிமிடத்தில் இடது கால் மரத்துப்போகிறது. கூரைமேல் மயில் அகவுகிறது. பழைய சண்டை ஒன்று, அன்றைக்குச் சொல்லத் தவறிய பதிலோடு வந்து நிற்கிறது. ‘இது யாருக்கு?’ என்று கேட்கவேண்டும் என்பது நினைவுக்கு வருவதற்குள் அந்தச் சண்டை முழுவதும் இன்னொரு முறை நடந்து முடிந்துவிடுகிறது. காலை மாற்றிப் போட்டு மறுபடி தொடங்குகிறான். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு ஒன்று பிடிபடுகிறது: நினைவுகள் குறைந்தபாடில்லை, ஆனால் அவை வருவது தெரிகிறது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது.

முற்பகலில் முதலில் நாராயண சேவை. வாசலில் காத்திருக்கும் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போட்ட பிறகுதான் உள்ளே பந்தி. தரையில் வரிசையாகத் தையல் இலை போட்டிருக்கும். எல்லோரும் சம்மணமிட்டு உட்கார, வாளி வாளியாகச் சாதம், சாம்பார், கூட்டு, ரசம், மோர் என்று பரிமாறிக்கொண்டே வருவார்கள். ரசம் வரும்போது இலையின் ஓரத்துக்கு ஓடாமல் சாதத்தில் குழி பறித்து அணை கட்டத் தெரிய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரர் அதை ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்கிறார். மகரிஷி இருந்த நாளில் விடியுமுன்பே எழுந்து சமையற்கட்டில் மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்குவார். தமக்கென்று எதையாவது கூடுதலாக வைத்தால் ஏற்கமாட்டார். வந்தவர் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்ற அந்த ஏற்பாடு மாறவில்லை. சமமாக நடத்தப்படுவது என்னவென்று கல்லூரியிலும் வேலையிலும் தெரிந்துகொள்ள முடியாத ஒரு பிள்ளைக்கு அந்தப் பந்தி அதைக் காட்டிவிடுகிறது. அந்தச் சமத்துவம் மனிதர்களோடு நிற்கவில்லை. வளாகத்திலேயே, 1948 ஜூன் 18 அன்று இறந்த பசு லக்ஷ்மிக்கும், மான், காகம், நாய் ஆகியவற்றுக்கும் சமாதிகள் இருக்கின்றன. லக்ஷ்மி முக்தி அடைந்ததாகவே மகரிஷி ஒரு வெண்பா எழுதினார்.

மாலை ஆறரைக்கு மகரிஷியின் சமாதி முன்பு தமிழ்ப் பாராயணம். அவர் இயற்றிய பாடல்களை அன்றன்றைய பகுதியாகச் சேர்ந்து பாடுவார்கள். விரூபாக்ஷ குகையில் இருந்தபோது, பிச்சைக்குப் போகும் அடியார்கள் பாடிக்கொண்டு போவதற்கென எழுந்த அக்ஷரமணமாலை அவற்றில் ஒன்று. 108 கண்ணிகள் கொண்டது. ஆந்திரத்திலிருந்து வந்த பெரியவர் தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தையும், ஐரோப்பியப் பெண் ரோமன் எழுத்தில் உள்ள புத்தகத்தையும் பார்த்துத் தமிழில் பாடுகிறார்கள். புத்தகமில்லாமல் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பையனின் பக்கம் யாரோ ஒருவர் தம் புத்தகத்தை நகர்த்தி, வரியில் விரல் வைத்துக் காட்டுகிறார். தியானம் பற்றி அதுவரை ஆங்கிலத்தில் மட்டுமே படித்திருந்தவனுக்கு, அந்தப் பேச்சு தன் வீட்டு மொழியிலேயே இவ்வளவு நேராக இருக்கிறது என்பது அங்கேதான் தெரியவருகிறது.

கடைசி நாள் காலையில் மலை. ஆசிரமத்தின் பின்பக்கக் கதவைத் தாண்டினால் கற்கள் பாவிய பாதை. நிதானமாக ஏறினால் அரைமணியில் ஸ்கந்தாசிரமம். 1916 முதல் 1922 வரை மகரிஷி இருந்த இடம், அருகில் ஒரு சுனை, மரநிழல். சற்றுத் தள்ளியுள்ள பாறையில் நின்றால் அண்ணாமலையார் கோவில் முழுவதும் கீழே விரிகிறது. கொஞ்சம் இறங்கினால் அதற்கு முன்பு அவர் பதினேழு ஆண்டு வாழ்ந்த விரூபாக்ஷ குகை. 1898இல் தாய் அழகம்மாள் மகனைத் தேடித் திருவண்ணாமலைக்கு வந்து, பவழக்குன்றில் அவர் முன் அழுது கூப்பிட்டார். மகன் வரவில்லை, பதிலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாய் அவர் இல்லாமலே திரும்பினார். பல ஆண்டுகளுக்குப் பின் அவரே மகனோடு வந்து தங்கி, ஸ்கந்தாசிரமத்தில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டார். 1922 மே 19 அன்று மகனின் கை நெஞ்சிலும் தலையிலும் இருக்க, அங்கேயே அடங்கினார். அவரை மலையடியில் சமாதி வைத்தார்கள். அடிக்கடி இறங்கிவந்து பார்த்த மகன் சில மாதத்தில் அங்கேயே தங்கிவிட்டார். தாயின் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் இன்றைய ஆசிரமம்.

ஸ்கந்தாசிரமத்தில் தாய் அடங்கிய அறையைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகளில் சிலர் பாறைமேல் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்கிறார்கள். “சாப்பிட்டியா?” என்று கேட்கும் அம்மாவுக்கு, காலையில் இட்லி போட்டார்கள் என்று பதில் போகிறது. சாயங்கால பஸ்ஸில் கிளம்பினால் ராத்திரி வந்துவிடலாம் என்றும் சொல்கிறார்கள்.